மருத்துவர் எழுதிய அளவும் கையில் கிடைத்த மாத்திரையும்

"போன மாதம் ஒரு மாத்திரைதான் கொடுத்தார்கள். இந்த மாதம் இரண்டு போடச் சொல்கிறார்கள். எனக்கு நோய் முற்றிவிட்டதா?"

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து மருந்து வாங்க வரும் பெரியவர்கள் கவுண்டரில் கேட்கும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். மருந்தகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க இதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் நோய் முற்றியிருக்காது, மருந்தும் கூடியிருக்காது; மாத்திரையின் வீரியம்தான் மாறியிருக்கும். கேட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டுக்குப் போய் "எப்போதும் ஒன்றுதானே" என்று பழைய கணக்கிலேயே விழுங்குகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். மருத்துவர் எழுதுவது அளவு: ஒரு வேளைக்கு உங்கள் உடம்புக்குள் எத்தனை மில்லிகிராம் மருந்து போக வேண்டும் என்பது. மாத்திரை அட்டையில் அச்சாகியிருப்பது வீரியம்: அந்த ஒரு மாத்திரைக்குள் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பது. மளிகைக் கடைக்கு 20 ரிங்கிட் பாக்கி என்றால் ஒரே 20 ரிங்கிட் தாளாகக் கொடுக்கலாம். இரண்டு பத்தாகவோ நான்கு ஐந்தாகவோ கொடுக்கலாம். தாள் எத்தனை என்றாலும் தீர்வது அதே பாக்கிதான்.

ஆகவே கணக்கு ஒன்றே ஒன்று. வேண்டிய அளவை ஒரு மாத்திரையின் வீரியத்தால் வகுக்க வேண்டும். வருவதுதான் மாத்திரை எண்ணிக்கை. ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள், கையில் இருப்பது 5 மில்லிகிராம் மாத்திரை என்றால், பத்தை ஐந்தால் வகுக்க இரண்டு. மூச்சிரைப்பு கூடியவருக்கு மருத்துவர் பிரெட்னிசோலோன் 30 மில்லிகிராம் எழுதுகிறார். நம்மிடம் வழக்கமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. ஆறு மாத்திரைகளை ஒரே வேளையில் விழுங்க வேண்டும். ஆறு என்றதும் பயந்துபோய் மூன்றோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் சாப்பிட்டது பாதி மருந்து. மூச்சு அடங்காததற்கு மருந்து சரியில்லை என்று அர்த்தமில்லை.

மில்லிகிராம் எண்ணை ஒரே மருந்துக்குள்தான் ஒப்பிடலாம். "இனிப்பு நீர் மாத்திரை 500, கொதிப்பு மாத்திரை வெறும் 5, அப்படியானால் கொதிப்பு மாத்திரை லேசானது" என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, கொடுக்கும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமில் செய்யும் வேலை வேறு, அம்லோடிபின் 5 மில்லிகிராமில் செய்யும் வேலை வேறு. மாத்திரையின் பருமனும் எதையும் சொல்லாது. மிகச் சிறிய மாத்திரைகளில் மிக வலிய மருந்துகள் உண்டு.

மாத்திரையின் வீரியம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? அதிகம் பேருக்கு வேண்டிய சில அளவுகளில் மட்டுமே நிறுவனங்கள் மாத்திரை செய்கின்றன. எல்லா மருந்தகங்களும் எல்லா வீரியத்தையும் வாங்கி வைப்பதில்லை. ஈப்போவில் சிறப்பு மருத்துவர் எழுதுவார். மாதா மாதம் அங்கே அலைய முடியாதவர், அருகிலிருக்கும் அரசு மருந்தகத்தில் மருந்தெடுக்க வழி செய்யும் எஸ்பியுபி முறையில் சுங்கை சிப்புட்டிலேயே வாங்கிக்கொள்வார். ஈப்போவில் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றாகக் கொடுத்தது இங்கே 5 மில்லிகிராம் மாத்திரை இரண்டாக வரலாம். அரசாங்கம் டெண்டர் மூலம் மருந்து வாங்குவதால் பிராண்டும் மாறும். பிராண்ட் மாறினால் நிறம், வடிவம், அட்டை எல்லாம் மாறும். தனியார் கிளினிக்குகளோ தங்களிடம் உள்ள மருந்தைத் தாங்களே கொடுக்கின்றன. அங்கே இன்னொரு பிராண்ட், இன்னொரு வீரியம்.

இது யாரோ சிலருடைய கவலை அல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு, இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இதைவிட அதிகம். தோட்டத்து வரிசை வீடுகளில் எந்தக் கதவைத் தட்டினாலும் சமையலறை அலமாரியில் ஒரு மருந்துப் பை இருக்கும்.

அப்படி ஒரு பையை உதாரணத்துக்குத் திறந்து பார்ப்போம். ரப்பர் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மா. கொதிப்புக்குப் பெரிண்டோபிரில் 8 மில்லிகிராம். சில மாதங்களாக 4 மில்லிகிராம் மாத்திரை வந்ததால் காலையில் இரண்டு போட்டுப் பழகியிருந்தார். இந்த முறை 8 மில்லிகிராம் மாத்திரை வந்தது. உறையில் மலாய் மொழியில் "சத்து பிஜி", ஒன்று என்று தெளிவாக எழுதியிருந்தது. பழக்கத்தில் கை இரண்டை எடுத்தது. நான்காம் நாள் எழுந்து நின்றதும் தலை சுற்றியது.

"எத்தனை போட்டீர்கள் அம்மா?"

"வழக்கம்போல இரண்டுதான் ஐயா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் போட்டது 16 மில்லிகிராம், எழுதியதைப்போல் இரண்டு மடங்கு. அவர் மனத்தில் பதிந்திருந்தது "இரண்டு" என்ற எண். "8 மில்லிகிராம்" என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லியிருந்தால் அட்டையைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும். படிக்கத் தெரியாதவர்களால் இது முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோட்டத்துப் பதிவேடான இடாப்பில் தன் பேருக்கு எத்தனை கிலோ ஏறியது என்று நாள்தோறும் சரிபார்த்து வாழ்ந்தவர்கள் நம் பெரியவர்கள். எட்டு என்ற ஓர் எண் அவர்களுக்குப் பெரிய பாரம் இல்லை.

பெரிண்டோபிரிலில் இன்னொரு முடிச்சும் உண்டு. இதே மருந்து ஒரு வகை உப்பாக (வேதியியல் வடிவமாக) 4, 8 மில்லிகிராமில் வருகிறது. ஆர்ஜினின் என்னும் வேறு உப்பாக 5, 10 மில்லிகிராமில் வருகிறது. முன்னதில் 4 மில்லிகிராமும் பின்னதில் 5 மில்லிகிராமும் உடம்புக்குள் ஒரே அளவு மருந்துதான். அரசு கிளினிக்கில் 4 வாங்கியவர் தனியார் கிளினிக்கில் 5 வாங்கினால் மருத்துவர் அளவைக் கூட்டிவிட்டார் என்று பதற வேண்டாம். 5 மாத்திரையைச் சுரண்டி நான்காக்கவும் வேண்டாம். அட்டையில் மருந்தின் பெயரோடு ஒட்டி நிற்கும் இரண்டாவது பெயரையும் மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

அலகு அடுத்த ஆபத்து. ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். தைராய்டு மருந்தான லெவோதைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில் வரும்: 25, 50, 100. மருத்துவர் 75 மைக்ரோகிராம் எழுதினால் 50 ஒன்று, 25 ஒன்று. சில தாள்களில் இதே அளவு 0.075 மில்லிகிராம் என்றிருக்கும். இதய மருந்தான டிகாக்சின் ஓர் அட்டையில் 0.25 மில்லிகிராம் என்றும் இன்னோர் அட்டையில் 250 மைக்ரோகிராம் என்றும் இருக்கலாம்; இரண்டும் ஒன்றுதான். வகுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே அலகில் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகிவிடும். கணக்குப் போட்டு நான்கைந்துக்கு மேல் மாத்திரை வந்தாலோ, கால் மாத்திரைக்கும் கீழே வந்தாலோ, வாயில் போடாமல் மருந்தகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். பிரெட்னிசோலோன் போல உண்மையிலேயே ஆறு வருகிற மருந்துகள் உண்டு. கேட்டு உறுதிசெய்தபின் விழுங்குவதில் நட்டமில்லை.

சரி, முழு எண்ணாக வராவிட்டால்? அம்லோடிபின் 5 மில்லிகிராம் வேண்டும், இருப்பது 10. அரை மாத்திரை. உறையில் "செத்தெங்கா பிஜி" என்றிருக்கும். அவசரத்தில் அதை "சத்து பிஜி" என்று படித்து முழு மாத்திரை போட்டவர்களும் இருக்கிறார்கள். உறையை வாங்கியதும் அங்கேயே விரலால் தொட்டுக் காட்டி "அரையா, ஒன்றா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

மாத்திரையைப் பாதியாக்குவது கேட்க எளிது. நடுவில் கோடு உள்ள மாத்திரையைக் கோட்டின் வழியே இரு பெருவிரல்களால் அழுத்தினால் ஓரளவு சமமாக உடையும். கோடு இல்லாததைச் சமையல் கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சிறிதாகவும் போய், நடுவில் கொஞ்சம் தூளாகப் பலகையில் தங்கிவிடும். மருந்துக் கடைகளில் மாத்திரை வெட்டும் சிறு பெட்டி விற்கிறார்கள். மாத்திரையை உள்ளே இருக்கும் முக்கோணப் பள்ளத்தின் மூலையில் அணைத்து வைத்து, மூடியைத் தயங்காமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். மெல்ல மெல்ல அழுத்தினால் மாத்திரை நொறுங்கும். ஒரு பாதியை இன்று சாப்பிட்டால் மறு பாதியை அடுத்த வேளைக்கே சாப்பிட்டுவிடுங்கள். அப்போது ஒன்று சற்றுப் பெரிதாயிருந்தாலும் மற்றது ஈடுகட்டிவிடும். ஒரு மாதத்துக்கு உரியதை ஒரே நாளில் வெட்டி டப்பாவில் போட்டு வைப்பது நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒத்துவராது. வெட்டிய பக்கம் ஈரத்தை இழுத்து மாத்திரை பொதுபொதுத்துப் போகும்.

அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கத்தரித்து எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்தின் பெயரும் மில்லிகிராமும் பல அட்டைகளில் ஓர் ஓரத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தை முதலில் வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது பெயரில்லாத மாத்திரைகள். எழுத்து இருக்கும் முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

எல்லா மாத்திரையையும் வெட்டலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சில மாத்திரைகள் மருந்தை மெல்ல மெல்ல, நாள் முழுக்க வெளியிடும்படி செய்யப்பட்டவை. பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், எஸ்ஆர், எம்ஆர், எல்ஏ, சிஆர் என்ற எழுத்துகள் நின்றால் அந்த வகை. அதை உடைத்தால் ஒரு நாளுக்கு உரிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். நிஃபெடிபின் எல்ஏ மாத்திரையை உடைத்துப் போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியலாம். ஈசி என்ற எழுத்து, வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரைவதற்கான பூச்சு இருப்பதைக் குறிக்கும். வெட்டினால் அந்தப் பூச்சு வீண். விதிவிலக்கும் உண்டு. இனிப்பு நீருக்கான கிளிக்லசைடு எம்ஆர் 60 மில்லிகிராமில் சில பிராண்டுகள் நடுக்கோட்டோடு வருகின்றன, அவற்றைப் பாதியாக்கலாம், ஆனால் பல்லால் மெல்லவோ பொடியாக்கவோ கூடாது. எது எந்த வகை என்பது மருந்தாளருக்குத் தெரியும். நாமாக முடிவு செய்ய வேண்டிய இடம் இது இல்லை.

கிளிக்லசைடு பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண கிளிக்லசைடு 80 மில்லிகிராம் மாத்திரையும் எம்ஆர் 30 மில்லிகிராம் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. 80 தீர்ந்துபோய் 30 கிடைத்தது என்று 80-ஐ 30-ஆல் வகுத்து இரண்டரை மாத்திரைக்கு மேல் போட்டால் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கிவிடும். நான் மேலே சொன்ன வகுத்தல் கணக்கு ஒரே மருந்து, ஒரே வகை என்ற இடத்தில்தான் செல்லும்.

இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரையிலும் அது செல்லாது. கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின்-கிளவுலனேட் 625 மில்லிகிராம் மாத்திரைக்குள் 500 அமொக்சிசிலின், 125 கிளவுலனேட். 375 மில்லிகிராம் மாத்திரைக்குள் 250-உம் 125-உம். 375 இரண்டு போட்டால் அமொக்சிசிலின் 500 சரியாக வந்துவிடும். கிளவுலனேட் 250 ஆகிவிடும். வயிற்றுப்போக்கு வருவதற்கு அது போதும்.

வகுத்துப் பார்த்தால் எதிலும் சேராத எண் வருவதும் உண்டு. மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம் எழுதியிருக்கிறது, கையில் 500 மாத்திரை. 1.7 மாத்திரையை யாராலும் வெட்ட முடியாது. இரண்டு போட்டுக்கொள்ளலாமா, ஒன்றரை போதுமா என்று நாம் முடிவு செய்யக் கூடாது. மருந்தாளர் மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுவார். மருத்துவர் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து 500 என்றோ 1000 என்றோ மாற்றி எழுதுவார். கவுண்டரில் கால் மணி நேரம் காக்க வைக்கிறார்கள் என்று முகம் சுளிக்கிறோமே, அந்த நேரத்தில் பல தடவை நடப்பது இதுதான்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் விஷயத்தில் கணக்கே வாரக் கணக்காகிவிடும். 3 மில்லிகிராம், 1 மில்லிகிராம் மாத்திரைகள் கையில் இருக்கின்றன என்று வையுங்கள். வாரத்தில் நான்கு நாள் 3 மில்லிகிராம், மூன்று நாள் 4 மில்லிகிராம் என்று எழுதுவார்கள். மொத்தம் வாரத்துக்கு 24 மில்லிகிராம். நான்கு வரும் நாளில் 3 ஒன்று, 1 ஒன்று. ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அந்த 24-ஐத்தான் சிறிது கூட்டுவார்கள், குறைப்பார்கள். வார்ஃபரினில் வீரியத்துக்கு ஒரு நிறம் உண்டு. ஆனால் நிறம் பிராண்டுக்குப் பிராண்ட் மாறுபடும். "நீல மாத்திரை ஒன்று" என்று மனப்பாடம் செய்து வைப்பது உயிருக்கு உலை. நாட்காட்டியில் அந்தந்த நாளுக்கு நேரே 3 அல்லது 4 என்று பென்சிலால் எழுதி வைக்கச் சொல்லுங்கள், வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதன் கையாலேயே.

மெத்தோட்ரெக்சேட் இன்னும் கடுமை. மூட்டுவாதத்துக்கு 10 மில்லிகிராம் எழுதினால் 2.5 மில்லிகிராம் மாத்திரை நான்கு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள். உறையில் "செகாலி செமிங்கு" (வாரம் ஒரு முறை) என்றிருப்பதை "செகாலி செஹாரி" (நாளுக்கு ஒரு முறை) என்று எண்ணித் தினமும் நான்கு போட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். இந்த மருந்து வாங்குகிறவர்கள் எந்தக் கிழமை என்பதையும் உறையில் எழுதி வாங்குங்கள்.

இந்தியாவுக்குப் போய் வருகிற உறவினர்கள் கொண்டுவரும் மாத்திரைகளைப் பற்றியும் பேச வேண்டும். இங்கே காய்ச்சலுக்கு நாம் பழகிய பாரசிட்டமால் மாத்திரை 500 மில்லிகிராம். வேளைக்கு இரண்டு, நாளுக்கு நான்கு வேளை என்றால் 4000 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அதுதான் உச்ச வரம்பு. தமிழ்நாட்டிலிருந்து வரும் அட்டையில் பெரும்பாலும் 650 மில்லிகிராம். அதே பழக்கத்தில் வேளைக்கு இரண்டாக நான்கு வேளை போட்டால் 5200. கல்லீரலைக் கெடுக்கும் அளவு. உடன் சளி மாத்திரையும் போட்டால், அதற்குள்ளும் பாரசிட்டமால் இருக்கலாம்.

குழந்தைகளின் சிரப்பிலும் இதே கதைதான். அங்கே மாத்திரைக்குப் பதில் மில்லிலிட்டர். பாரசிட்டமால் சிரப் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று மருத்துவர் 180 மில்லிகிராம் சொன்னால் முதல் பாட்டிலில் 7.5 மில்லிலிட்டர், இரண்டாவதில் 3.6 மில்லிலிட்டர். பாட்டில் மாறியதைப் பார்க்காமல் பழைய 7.5-ஐயே ஊற்றினால் குழந்தைக்குள் போவது 375 மில்லிகிராம். சமையலறைக் கரண்டியால் அளக்க வேண்டாம். கோடு போட்ட ஊசியில்லாச் சிரிஞ்சு மருந்தகத்தில் கிடைக்கும்.

வீட்டில் சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, அது எண்ணிப் பார்ப்பது. பையில் 60 மாத்திரை இருக்கிறது, 30 நாளுக்கு மருந்து என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் நாளுக்கு இரண்டு வர வேண்டும். 15 மாத்திரைதான் இருக்கிறது, அதுவும் 30 நாளுக்கு என்றால் நாளுக்கு அரை. உறையில் எழுதியதும் இந்த எண்ணிக்கையும் பொருந்தவில்லையென்றால் எங்கேயோ பிசகு. முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே கேட்டுவிடலாம். மாதக் கடைசியில் மாத்திரை மிஞ்சினாலும் முன்கூட்டியே தீர்ந்தாலும் அது எதையோ சொல்கிறது. மிச்சத்தை அலமாரியில் பதுக்காமல் அடுத்த முறை பையோடு கொண்டு வந்து கவுண்டரில் வையுங்கள். பழைய வீரியமும் புதிய வீரியமும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தால் அங்கேயே பிரித்துக் கொடுப்பார்கள், வேண்டாததை அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.